டீ வைத்துவிட்டுப் போனவள்

முனைவர் பட்டத்துக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடக்கும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது, ஆனால் அதை மீறியவர்களும் கிடையாது. கேள்வி கேட்க வருகிற பெரிய மனிதர்களுக்கும் துறையில் இருக்கிற சின்ன மனிதர்களுக்கும் அன்று மத்தியானச் சாப்பாடு, பதில் சொல்ல நிற்கிறவள்தான் போட வேண்டும். நாலு பேர் முன்னால் அவளைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். பிறகு கை கழுவிவிட்டு வந்து அவள் போட்ட சோற்றையே தின்பார்கள். இந்தக் கருமத்தை ஆண்டாண்டு காலமாக எல்லாரும் சிரித்த முகத்தோடு செய்துகொண்டிருந்தார்கள்.

அவளும் செய்தாள். செய்யாமல் என்ன பண்ணுவாள்? ஒரு பெண்கள் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். இந்த மாதத்துக்குள் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு என்று கல்லூரி முதல்வர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதனால் தங்கை காலையிலேயே வந்து, சர்வதேச உறவுகள் துறையின் பின்னறையில் பாத்திரங்களை இறக்கி வைத்திருந்தாள்.

தங்கைக்கு வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, பொம்பளைங்க சம்பளமில்லாம ஆக்கிப் போட்டதாலதான் நாடுகளுக்குள்ள சமாதானம் நடந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்க. அதுக்குப் பட்டம் வாங்க இப்ப நீ ஆக்கிப் போடுற. நல்லா உருப்படும்" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. தங்கை சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. தூதர்களின் மனைவிகளைப் பற்றித்தான் அவள் தீசிஸ் எழுதியிருந்தாள். இரண்டு நாடுகளுக்கு இடையே நடப்பதெல்லாம் கோட்டுப் போட்டவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிப்பது என்றுதான் புத்தகங்கள் சொல்லும். விருந்து வைத்து, யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று பார்த்து நாற்காலி போட்டு, எதிராளியின் மனைவியோடு சிநேகம் பிடித்து, அவள் வாயிலிருந்து விஷயத்தைக் கறந்து புருஷன் காதில் போட்டவளைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இருக்காது. அப்படிப்பட்ட பெண்களைத் தேடிப் போய்ப் பேசவைத்து, பெயர் வெளியே வராது என்று ஒவ்வொருத்திக்கும் வாக்குக் கொடுத்து, எண் மட்டும் போட்டு எழுதியிருந்தாள். நாலாவது அத்தியாயம் முழுக்க ஏழாம் எண் சொன்னது.

வினையே அங்கேதான் இருந்தது. வெளியிலிருந்து வருகிற தேர்வாளராக ஓய்வுபெற்ற ஒரு தூதரைப் போட்டுவிட்டார் துறைத் தலைவர். யார் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற தலை அவருடையது. மாணவர்கள் அவரைத் 'தலையாட்டி' என்றுதான் சொல்வார்கள். ஏழாம் எண் அந்தத் தூதரின் மனைவி. இந்த ஆள் வேண்டாம் என்று அவள் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் வாக்குப் போச்சு. மென்று முழுங்கிவிட்டு, சரி சார் என்றாள்.

தூதர் வந்தார். சமீபத்தில் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கறுப்புக் கண்ணாடி. கையைப் பிடித்து அழைத்து வந்தது தூதரம்மா. வெளிநாட்டில் இருந்த நாளிலிருந்தே எல்லாருக்கும் அவர் தூதரம்மாதான். புருஷனை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய்க் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளைப் பார்த்து, முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல ஒரு மரியாதைச் சிரிப்பு சிரித்தார்.

முதல் மூன்று அத்தியாயங்களைத் தூதர் தொடவே இல்லை. நாலாவதுக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதில் இருந்தது இதுதான். எல்லையில் பிடிபட்ட லாரி டிரைவர்கள் பக்கத்து நாட்டு ஜெயிலில் கிடந்தார்கள். பேச்சு நகரவில்லை. தூதர் வீட்டு விருந்தில் அந்த நாட்டு மந்திரியின் மனைவி அடுப்படியில் நின்று ஏழாம் எண்ணிடம் மனசைத் திறந்து சொன்னாள்: மந்திரிக்கு அவர்களை விட்டுவிட ஆசைதான், ஆனால் இன்னொரு அரசாங்கம் கேட்டதால் விட்டதாக ஆனால் ஊரில் தலைகாட்ட முடியாது, டிரைவர்களின் அம்மாக்கள் மனுப் போட்டால் இரக்கப்பட்டு விட்டதாக இருக்கும். ஏழாம் எண் அதைத் தூதரகத்தில் இருந்த தன் புருஷனிடம் சொன்னாள். அவர் என்ன பதவி என்று அத்தியாயத்தில் இல்லை. மறுநாள் அது புருஷனின் யோசனை ஆகிவிட்டது. டிரைவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள், பேப்பரில் அவர் படம் வந்தது.

இது கட்டுக்கதை என்றார் தூதர். அது நடந்தது தன் வீட்டில், தன் காலத்தில், தன் மூளையில் என்று ஒவ்வொன்றையும் மேஜையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

"அந்த ரூம்ல மந்திரியும் நானும்தான். வேற யாரும் கிடையாது."

"யாருமே இல்லையா சார்?" என்று கேட்டாள் அவள்.

"யாரும் இல்லம்மா. என் வொய்ஃப் வந்து டீ வச்சிட்டுப் போனா. அவ்வளவுதான்."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. தலையாட்டியின் தலை பம்பரமாக ஆடியது. இத்தனைக்குப் பிறகும் அந்த மனுஷனுக்குச் சந்தேகம் தன் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. தனக்குக் கீழே வேலை பார்த்த ஒரு செயலாளரின் மனைவியைச் சொன்னார். அவள் ஒரு வாயாடி, பெரிய இடத்து விருந்தில் ஒட்டிக்கொண்டு திரிகிறவள், அவள்தான் இதை அவிழ்த்துவிட்டிருப்பாள் என்றார். அவள் நடத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை போகிறபோக்கில் விட்டார். யாரோ ஒருத்தி, எங்கேயோ நிம்மதியாக இருக்கிறவள், இங்கே அவள் மானம் சந்தி சிரித்தது. பதில் சொல்ல நின்றவள், கடைசி வரிசையைப் பார்த்துவிடக் கூடாது என்று சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் பட்டம் கிடைக்கும். அந்த அம்மாவின் மிச்சக் காலம் நாறிப்போகும்.

தூதர் பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் இன்றைக்கே கையெழுத்து. இல்லாவிட்டால் யார் அந்தப் பெண் என்று சொல்ல வேண்டும். இரண்டும் இல்லை என்றால் தீசிஸ் திரும்பிப் போகும். சாப்பாட்டுக்குள் யோசித்துச் சொல்லட்டும் என்றார். தலையாட்டி அவளை ஓரமாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு சாப்டர்தானே, புத்தகமாகப் போடும்போது சேர்த்துக்கொண்டால் போயிற்று, பெரியவர் மனசு நோகக்கூடாது என்று குழைந்தார். அவர் வாயில் ஏற்கெனவே எச்சில் ஊறியிருந்தது.

கை கழுவுமிடத்தில் தூதரம்மா தனியாக நின்றிருந்தார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"அவருக்குத்தான் கண்ணு தெரியலையே. உன் தீசிஸ் முழுசும் அவருக்கு வாசிச்சுக் காட்டுனது நான்தான்மா."

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"நான் உங்கிட்ட சொன்னதை நானே அவருக்கு வாசிச்சேன். 'பொய்னு போடு'ன்னார். போட்டேன். ரிப்போர்ட்டை டைப் பண்ணதும் நான்தான்."

"கை நடுங்கலையாம்மா?"

"நடுங்கல. அதை நெனச்சாத்தான் எனக்கே அருவருப்பா இருக்கு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துடும்மா. உனக்கு வேலை வேணும். நான் எப்படியோ இருந்துட்டுப் போறேன்."

அவள் பின்னறைக்கு வந்தபோது எடுத்துவிடுவது என்றுதான் வந்தாள். இதைச் சொல்ல வெட்கமில்லை. வாடகை வீடு, தங்கையின் படிப்பு, வருஷா வருஷம் வேலை இருக்குமா இருக்காதா என்று கல்லூரி வாசலில் நிற்கிற பிழைப்பு. ஆனால் உள்ளே பார்த்தாள். மேஜையைச் சுற்றி அவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் விரலை நக்கிக்கொண்டே உலக சமாதானம் பேசினார். தூதர், பின்னால் வந்து நின்ற மனைவி பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல், காலித் தட்டைத் தோளுக்கு மேலே நீட்டினார். தூதரம்மா அதை வாங்கினார். அந்தத் தட்டைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எடுக்கல சார்" என்றாள். "ஆள் யாருன்னும் சொல்ல மாட்டேன்."

தலையாட்டியின் தலை முதல் முறையாக ஆடாமல் நின்றது. தூதர் வாயைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் பொய் என்று ஒப்புக்கொண்டாயிற்று, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

தூதரம்மா தட்டை மேஜையில் வைத்தார். சத்தம் கேட்கிற மாதிரியே வைத்தார்.

"பொய் இல்லைங்க. அதைச் சொன்னது நான்தான்."

ஒருத்தர் தொண்டையிலும் சோறு இறங்கவில்லை. தூதர் மட்டும் சிரித்தார். நல்ல பயிற்சி பெற்ற சிரிப்பு. எத்தனையோ நாடுகளில் சிரித்த சிரிப்பு. இவளுக்கு வயசாகிவிட்டது, ஞாபகம் முன்னே பின்னே ஆகிவிட்டது, ரொம்ப நாளாகவே இப்படித்தான், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சபைக்குச் சொன்னார். உண்மையில் என்ன நடந்தது என்று தானே சொல்வதாகவும் ஆரம்பித்தார். விருந்து முடிந்தது, எல்லாரும் போய்விட்டார்கள், அவரும் அந்த மந்திரியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள், அந்த மந்திரி... பெயர் வரவில்லை. நெற்றியைத் தடவினார். பிறகு பழக்கதோஷத்தில் தலையைப் பக்கவாட்டில் திருப்பினார்.

"அவன் பேர் என்ன? சொல்லு."

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் தூதரம்மா. "எனக்குத்தான் ஞாபகம் சரியில்லையே."

தங்கை மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சி கண் முன்னால் நின்று நான்தான் என்று சொல்லியாயிற்று. இனி என்ன வேண்டும்? ஆனால் படித்தவர்களின் தோல் லேசான தோலா? தலையாட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது குடும்பத்துக்குள் நடக்கிற பேச்சு, இதைப் பதிவில் ஏற்ற முடியாது என்றார். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். தகவல் தந்தவர் இன்னார் என்று நிறுவப்படவில்லை, திருத்தித் திரும்பச் சமர்ப்பிக்கவும் என்று எழுதி, தூதரின் விரலைப் பிடித்து இடம் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அவளுடைய நிரந்தர வேலை அந்தக் கையெழுத்தோடு போயிற்று. பிறகு எல்லாரும் கை கழுவினார்கள். சாப்பாடு பிரமாதம் என்று இரண்டு பேர் அவளிடம் சொல்லிவிட்டும் போனார்கள். த்தூ.

தூதர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று, கிளம்பலாம் வா என்று கூப்பிட்டார். தூதரம்மா வரவில்லை. தூதர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார். தங்கை இரண்டு தட்டு வைத்தாள்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார் தூதரம்மா. "நீயும் சாப்பிட்டிருக்க மாட்ட. போட்டுக்க."

வாசலிலிருந்து இன்னொரு முறை கூப்பிட்டது கேட்டது. படி இருக்கிறது, கண் தெரியவில்லை, கையைப் பிடி என்றார் அவர். அவளுக்கே எழுந்துவிடலாமா என்று கால் துடித்தது. தூதரம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்.

"அடுத்த தடவை கொடுக்கறப்ப நம்பர் போடாத. என் பேரைப் போடு" என்றார். பிறகு தங்கையிடம், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.