பரமேஸ்வரன் லோரியின் ரேடியேட்டர்

மேருவிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வாழையிலை ஏற்றிப் போகும் பழைய லோரி, வியாழக்கிழமை காலை பாதி வழியில் ஆவி கக்கி நின்றுவிட்டது. டிரைவர் லெஸ்லி இலைக்கட்டுகளை வேறு வண்டியில் மாற்றி அனுப்பிவிட்டு, லோரியைக் கிள்ளானிலிருக்கும் ஜீவனின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தான். லோரியின் சொந்தக்காரி அமுதவள்ளி போய்ச் சேர்ந்தபோது, தீர்ப்புச் சொல்லத் தயாராக ஜீவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, எஞ்சின் ஹெட் போயிருச்சு. எஞ்சினைத் திறக்கணும். ரெண்டு வாரம் ஆவும் லா."

வெள்ளிக்கிழமையென்றால் பிரிக்பீல்ட்ஸ் இலைச்சாப்பாட்டுக் கடைகளில் நிற்க இடமிருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை இலை வராவிட்டால் கடைக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவது வெள்ளிக்கிழமை வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். கணவர் பரமேஸ்வரன் இறந்த இந்த எட்டு மாதத்தில் ஐந்து கடைகளில் ஒன்றைக்கூட அவள் நழுவவிடவில்லை. இப்போதும் விடுவதாக இல்லை.

"எஞ்சின் எண்ணெயைப் பாத்தியா ஜீவா? பால் மாதிரி வெளுத்திருக்கா?"

"இல்ல அண்ணி, சுத்தமாதான் இருக்கு."

"தண்ணி எண்ணெய்ல கலக்கலையே. அப்பறம் எப்படி ஹெட்டுங்கிற?"

"பின்ன வேற என்ன? தண்ணி ரொப்பி ஓட்டிப் பாத்தேன். பத்து நிமிசத்துல சூட்டு முள்ளு செவப்புக்குப் போவுது. ரேடியேட்டர்ல அடியில கொஞ்சம் ஒழுகுதுதான். ஆனா அண்ணனோட ரேடியேட்டர் பதினெட்டு வருசமா கை வைக்காத ரேடியேட்டர். அதுல கோளாறு இருக்காது."

பரமேஸ்வரன் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். இதே ஒர்க்‌ஷாப்பில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தே தாரிக் டீ ஆறி ஆடை படியும்வரை சொல்வார். "ஒங்க வண்டியெல்லாம் மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போவுது. என் ரேடியேட்டருக்கு ஒரு பொட்டு ஈயம் வச்சதில்லடா." லோரிக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர் போன பிறகும் ஜீவன் அந்தப் பெருமையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அமுதவள்ளி துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "லெஸ்லி, எஞ்சினைப் போடு."

சூடு ஏறும்வரை காத்திருந்தாள். பிறகு புறங்கையை ரேடியேட்டரின் மேல்தொட்டி அருகே கொண்டுபோனாள். அனல் அடித்தது. கீழ்த்தொட்டியைத் தொட்டாள். விடியற்காலைத் தரைபோலக் குளிர்ந்திருந்தது.

"மேல கொதிக்குது, கீழ சில்லுனு இருக்கு. தண்ணி எறங்கவே இல்ல. உள்ள அடைச்சிருக்கு."

"எப்படி அடைக்கும்?" என்றான் ஜீவன்.

லெஸ்லி கேபினிலிருந்து தலையை நீட்டி, வேண்டாம் என்பதுபோல அவளிடம் கண்ணைக் காட்டினான். அவனுக்கும் தெரியும். பக்கத்து லோரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்த இருவர் வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். போன மனிதரின் மானத்தை இவர்கள் முன்னால் அவிழ்ப்பதா என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் இருந்திருந்தால் பெருமையைப் பார்த்திருப்பாரா, லோரியைப் பார்த்திருப்பாரா? பெருமையைத்தான் பார்த்திருப்பார். ஆனால் இப்போது முடிவு அவளுடையது.

"மஞ்சத்தூள்" என்றாள்.

"என்னது?"

"ஒழுகுறப்பல்லாம் மஞ்சத்தூள் போட்டுத்தான் அடைச்சாரு. எல்லாம் என் சமையலறை டப்பாவுலேருந்து போனது. அவருக்கு அப்பறம் நான் போட்டேன். போன வாரம் ஒழுக்கு நிக்கலன்னு அரைக் கிலோவக் கொட்டிட்டேன். தப்பு என்னுதுதான்."

"அலாமாக்! அரைக் கிலோவா? ரேடியேட்டர் ஓட்டுனீங்களா, ரசம் வச்சீங்களா?"

"நான் அப்பவே சொன்னேன் அக்கா, ஒரு ஸ்பூன் போதும்னு" என்றான் லெஸ்லி.

"நீதானடா டின்னைத் தொறந்து நீட்டுன!"

ரேடியேட்டரைக் கழற்றி மேல்தொட்டியைப் பிரித்தபோது, குழாய் வாய்களெல்லாம் காவிநிறச் சேறு பூசிக் கிடந்தன. டயர்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "பரமு அண்ணன் எமகாதகன்யா! என்கிட்ட எத்தன தே தாரிக் வாங்கிக் குடிச்சிருப்பாரு இந்தக் கதைய சொல்லி" என்று ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலிக்கும் என்று நினைத்திருந்த அமுதவள்ளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த எட்டு மாதத்தில் அவர் பேச்சு வந்தாலே எல்லோரும் குரலைத் தாழ்த்தியிருந்தார்கள். இன்றுதான் அவரைத் திட்டினார்கள்.

"கம்பி விட்டுக் குத்தி, அடியில ஈயம் வச்சுத் தரவா அண்ணி? மதியமே எடுத்துக்கலாம்."

"எத்தன நாள் தாங்கும்?"

ஜீவன் தலையைச் சொறிந்தான். "குழாயெல்லாம் மெலிஞ்சிருச்சு. ஒரு மாசம் ஓடும்."

"வேணாம். குழாய்க்கூட்ட முழுசா புதுசா போடு. தொட்டி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, அதையே வச்சு ஒட்டிக் குடு. ரப்பர் ஓஸையும் மாத்திரு. அஞ்சு மணிக்குள்ள வேணும்."

"அஞ்சு மணிக்கா? கஷ்டம் லா அண்ணி."

"ஹெட்டைத் திறக்க ரெண்டு வாரம் வச்சிருந்தல்ல? அதுலேருந்து ஆறு மணி நேரம் எடுத்துக்க."

ஐந்தேகாலுக்கு லோரி வெளியே வந்தது. அமுதவள்ளி லெஸ்லி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தார்கள். மேம்பாலம் ஏறினார்கள். சூட்டு முள் பாதியிலேயே நின்றது. ஓரமாக நிறுத்தி அடியில் குனிந்து பார்த்தாள். தார்ச்சாலை காய்ந்தே இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரி புனிதாவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு இலை வந்துரும் புனிதா. ஆமா, நம்ம லோரிலதான். எப்பவும் எடுக்குறத விட நூறு கூட வேணுமா? எடுத்து வைக்கிறேன்."