மூடாத கதவு

பத்ரூன் கடற்கரையில் நஸ்ரியின் தாத்தா ஆரம்பித்த ராட்டினப் பூங்காவை இடித்துவிட்டு ஹோட்டல் கட்டப் பார்த்தார்கள். எம்.பி. ஃபவ்ஸி 'பாரம்பரியச் சின்னம்' என்று ஒரு கையெழுத்துப் போட்டால் பூங்கா பிழைக்கும். அதற்காகவே அவரை வரவழைத்து, பளிங்கில் வெட்டிய பூங்கா வரலாற்றை நஸ்ரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்: "பதினைந்து வருட உள்நாட்டுப் போரில் ஒருநாள்கூட இங்கே கதவு மூடப்படவில்லை!"

கூட்டம் கைதட்டியது. டிக்கெட் கொடுக்கும் அவன் அக்கா ஒடெட்டின் வாய் சும்மா இருக்கவில்லை.

"எப்படிடா மூடுறது? மொத வாரமே துப்பாக்கிக்காரனுங்க கதவப் பேத்துட்டுப் போயிட்டானுங்களே!"

"மானத்த வாங்காதக்கா!"

அன்று துப்பாக்கி தூக்கி, இன்று சட்டம் இயற்றும் ஃபவ்ஸி நெகிழ்ந்துபோய் அவள் காதருகே குனிந்தார்.

"இரும்புக் குதிரை வெச்ச கதவுதானம்மா? என்ன வேலைப்பாடு!"

"அத நீங்க எங்க பாத்தீங்க, ஐயா?"

"தினமும் பாக்குறேனே. என் பங்களா வாசல்லதான நிக்குது."

ஒடெட் பேனாவை நீட்டினாள். "போடுங்க ஐயா. பளிங்குல இன்னும் ரெண்டு வரிக்கு எடமிருக்கு."

போட்டார். அந்த இடத்தை ஒடெட் இன்னும் காலியாகவே வைத்திருக்கிறாள்.