கண்டெடுத்த குரல்

தில்லியில் முதன்முதலாகத் தமிழ்ப் பாட்டுக் கேசட் போட்டு விற்றவர் சந்திரசேகர். பகலில் மத்திய அரசு குமாஸ்தா. மாலையில் 'யமுனா நாதம்' கம்பெனியின் முதலாளி, ஒலிப்பதிவாளர், விற்பனையாளர், எல்லாமே அவர்தான். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் படுக்கையறை ஜன்னலை மெத்தையால் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, மேல்வீட்டு மாமியிடம் குக்கர் வைக்க வேண்டாமென்று கெஞ்சிவிட்டுப் பதிவு செய்வார். ஜூன் மாத வெயிலில் அந்த அறையில் மயங்கி விழுந்தவர்கள்கூட, கேசட் அட்டையில் தங்கள் பெயரைப் பார்த்ததும் அவரை மன்னித்துவிட்டார்கள்.

ஹம்சாவுக்கு மயங்கி விழும் பாக்கியம் கிடைக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவள் அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தாள். முதல் தடவை, குரல் கனம் என்றார். அடுத்த தடவை பாதிப் பாட்டிலேயே கைகாட்டி நிறுத்தினார். "பேசாம டீச்சர் வேலைக்குப் போம்மா. கடைசி பெஞ்சு வரைக்கும் நன்னாக் கேக்கும்." அதற்கப்புறம் போனபோது அவர் மனைவி மோர் கொடுத்து வாசலோடு அனுப்பிவிட்டாள். ஹம்சா டீச்சராகவே ஆனாள். முனிர்காவில் ஃபிளாட் வாங்கினாள், ரிடையரானாள், கணவரையும் பறிகொடுத்தாள். அந்தக் கடைசி பெஞ்சு வாக்கியத்தை மட்டும் மறக்கவில்லை.

போன மாசி மாதம் சந்திரசேகர் காலமானார். பத்து நாள் கழித்து அவர் மகன் சங்கரநாராயணன் போன் செய்தான்.

"மாமி, அப்பாவுக்கு நினைவுக் கூட்டம் வெச்சிருக்கோம். அவரோட ஆர்ட்டிஸ்ட்ல தில்லியில இப்போ நீங்க ஒருத்தர்தான் இருக்கேள்."

"நான் அவரோட ஆர்ட்டிஸ்டே இல்லையேப்பா. என் பாட்டை அவர் பதிவே பண்ணலை."

"கோயி பாத் நஹி, பரவாயில்லை மாமி. ஹால் புக் பண்ணியாச்சு."

ஹம்சாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு நல்ல பட்டுப்புடவையும் வெளியே வந்தது. இத்தனை வருஷம் கழித்து, மைக் வைத்தே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

சாணக்யபுரி விருந்தினர் மாளிகையில் கூட்டம். சங்கரநாராயணன் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்த தமிழைத் தட்டுத்தடுமாறி வாசித்து, தமிழுக்கு அப்பா செய்த தொண்டை விளக்கினான். பிறகு, "அப்பா கண்டெடுத்த குரல்" என்று ஹம்சாவை அழைத்தான்.

"அவர் என்னைக் கண்டெடுக்கலை," என்றாள் ஹம்சா. "உனக்குக் குரலே இல்லை, டீச்சர் வேலைக்குப் போன்னார். நானும் போயிட்டேன்."

கூட்டம் ரசித்துச் சிரித்தது. மேடையில் இருந்த சபா செயலாளர் வைத்தி மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தேளா, என்ன அடக்கம். எத்தனையோ குழந்தைகளுக்கு நல்ல டீச்சர் கிடைக்கணும்னு அன்னிக்கே அவருக்குத் தோணியிருக்கு. மாமி, ஒரு பாட்டு."

மறுக்கத்தான் நினைத்தாள். ஆனால் மைக் மறுபடி கைக்கு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். வீட்டில் யாருமில்லாத பொழுதுகளில் பாடிப் பாடிப் பழகிய குரல் தடையில்லாமல் வந்தது. முடித்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எவரோ பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

"சந்திரசேகருக்கு எப்பேர்ப்பட்ட காது பாருங்கோ."

ஹம்சா வாயைத் திறந்தாள். அதற்குள் சால்வை போர்த்திவிட்டார்கள்.

மறுநாள் பார்த்தால், அந்தப் பாட்டு 'யமுனா நாதம்' பெயரில் யூட்யூபில் ஏறியிருந்தது. கீழே சந்திரசேகரின் படம் பெரிதாக, அவள் பெயர் சின்னதாக. அதைத் திருத்தச் சொல்லத்தான் சங்கரநாராயணனைக் கூப்பிட்டாள்.

"மாமி, ஆயிரம் பேருக்கு மேல கேட்டுட்டா," என்றான் அவன், எடுத்தவுடனேயே. "இன்னும் நாலஞ்சு பாடுவேளா?"

ஹம்சா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சாயங்காலம் வராதே," என்றாள். "தொண்டை களைச்சுப் போயிருக்கும். காலம்பரயே வா."