அறுபத்தாறு அடிக் கம்பி

முத்துலிங்கம் என்னைக் கூப்பிடுவது எனக்குக் கேட்கும். நான் சொல்லும் பதில் அவனுக்குக் கேட்காது. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக இதே கதை.

அவன் இருந்தது திருச்சியில். நான் இலங்கையில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க். வருஷம் 1936. ஊரில் இருந்தபோது இரண்டு பேரும் புத்தகத்தைப் பார்த்து ரேடியோப் பெட்டி செய்யப் பழகினோம். இங்கே வந்த பிறகு அரசாங்க அனுமதி வாங்கி, பேக்டரியில் சார்ஜ் செய்த கார் பாட்டரியை வைத்து நானே சின்னதாக ஒன்று செய்தேன். தந்தி ஆபீசில் தட்டுவது போலத்தான் தட்டுவோம். அங்கே அது கம்பி வழியே போகும், எங்களுடையது ஆகாயத்தில் போகும். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக்கொள்வோம்.

பெட்டியில் கோளாறு இல்லை. இடம்தான் போதவில்லை. எங்கள் அலைக்கு அறுபத்தாறு அடிக் கம்பியை வெளியே கட்ட வேண்டும். அதை வெட்டிக் குறைக்கவும் கூடாது. என் வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் போட்டிருந்த பாத்தி, இங்கே கோவா என்பார்கள், முப்பது அடி. கம்பியை மடித்து மடித்துக் கட்டினேன். சத்தம் போய்ச் சேரவில்லை. ஒற்றை மூங்கிலை நட்டு நேர் மேலே கொண்டுபோனேன். காற்றில் அது விழுந்து நாலு கோவா நசுங்கியதுதான் மிச்சம்.

போன ஞாயிறு முத்துலிங்கம் தட்டினான்: "அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு உன் அக்கா இங்கே வருகிறாள். செவ்வாய்க்கிழமை நான் ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிறேன். எப்படியாவது எனக்குக் கேட்கும்படி தட்டு."

அக்கா தனலெட்சுமிதான் என்னை வளர்த்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் போடும் கடிதத்தை யாராவது வாசித்துக் காட்டினால் நம்ப மாட்டாள். "கடுதாசியில எல்லாரும் சௌக்கியம்னுதான் எழுதுவாங்க. நான் ஒண்ணு கேக்கணும், அவன் அப்பவே பதில் சொல்லணும்" என்று முத்துலிங்கத்திடம் சொல்லியிருக்கிறாள். நான் அவளைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவன் ரங்கூன் போய்விட்டால் திருச்சியில் எனக்குப் பதில் தட்ட ஆளே கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துப் பாத்தி அழகம்மாவிடம் போய் நின்றேன். அவள் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் சிவசாமிக்கு பேக்டரியில் வேலை.

"அழகம்மாக்கா, ஒங்க சவுக்கு மரத்துல ஒரு கம்பி கட்டிக்கட்டுமா?"

"மரம் எங்களுதா? தொரையோடது. கம்பி எதுக்குங்கய்யா?"

"ஊருக்குப் பேச."

அவள் கம்பிச் சுருளைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "இது எங்க பாத்தியோட முடிஞ்சிருமே. ஊரு எங்க இருக்கு, இது எங்க இருக்கு?"

"ஏய், கிளாக்கரய்யாவ நக்கல் பண்ணாத" என்றார் சிவசாமி. "ஐயா, வேலை முடிஞ்சதும் எங்க மாமியாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. மருமகன் ரொம்ப எளைச்சிட்டான்னு."

"எங்க எளைச்சீங்க? கண்ணாடியில பாத்தீங்களா?" என்றாள் அழகம்மா.

என் சமையல் குசினி மூலையிலிருந்து அந்த மரம் வரை ஐம்பது அடிதான் இருந்தது. மிச்சக் கம்பி நடுவில் தொய்ந்து தொங்கியது. மழை பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் பாட்டரியை மாட்டிவிட்டு வெளியே வந்தேன். கம்பி முழுக்கக் கம்பளி. ஈரக் கம்பளிகள் சொட்டச் சொட்டத் தொங்கின. அவை தரையில் படாமல் இருக்க, கம்பியின் நடுவில் ஒரு கவட்டை மூங்கிலை வேறு முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"என்னக்கா இது! எடுங்க, எல்லாத்தையும் எடுங்க!"

"ஏன்யா கத்துறீங்க?" அழகம்மா முகம் சிவந்துவிட்டது. "சும்மாதான தொங்குச்சு? ஞாயித்துக்கெழமை ஒருநாதான் தொவைக்கிறோம். வெயிலு வர்றதே செத்த நேரம். நாளைக்கு மலைக்குப் போறப்ப எதைப் போத்திக்கிறது, ஒங்க கம்பியவா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் குரலைத் தணித்து அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவளோடு பேச இன்று ஒரு நாள்தான் என்றும் சொன்னேன்.  அழகம்மா மளமளவென்று கம்பளிகளை உருவிக் கூடையில் போட்டாள்.

"ஊருக்குப் பேசன்னீங்க. அக்காவோட பேசன்னு சொன்னீங்களா?"

பாரம் போனதும் கம்பி எழும்பியது. நடுவில் மூங்கில் தூக்கிப் பிடிக்க, இரண்டு பக்கமும் கூரை போலச் சரிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு நாளும் ஒன்று பக்கவாட்டில், இல்லாவிட்டால் நேர் மேலே என்றுதான் இடம் தேடியிருக்கிறேன். நடுவை மட்டும் உயர்த்திப் பிடித்தால் அறுபத்தாறு அடியும் ஐம்பதுக்குள் அடங்கிவிடும்.

"சிவசாமி அண்ணே, இதவிட நீளமா மூங்கி இருக்கா?"

"மாரியம்மன் கோயில் கொடிக்கம்பு இருக்கு. திருவிழா முடிஞ்சி எங்க லயத்து வீட்டு எறவானத்துலதான் கெடக்கு."

எடுத்து வந்தோம். குழி தோண்ட நேரமில்லை. கம்பியின் நடுவை அதன் நுனியில் கட்டி நிமிர்த்தினோம். புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"போங்கய்யா. நாங்க பாத்துக்கிறோம்" என்றார் சிவசாமி.

"என்ன பேசுறாங்கன்னு சத்தமா சொல்லணும்" என்றாள் அழகம்மா. "சும்மா நிக்க முடியாது."

முத்துலிங்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பதில் தட்டினேன். காதுக்கருவியில் இரைச்சல் மட்டும். பிறகு வந்தது: "கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது. அக்கா பக்கத்தில் இருக்கிறாள்."

 "கேக்குதாம்!" என்று ஜன்னல் வழியே கத்தினேன்.

"சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்."

அதை வெளியே சொல்லிவிட்டு, சாப்பிட்டேன் என்று தட்டினேன்.

"பொய்யி!" என்றாள் அழகம்மா. "காலையில ஒண்ணுமே சாப்பிடல. அடுப்பே பத்தல. அதையும் தட்டுங்க."

தட்டினேன். 

"அது யார் என்று கேட்கிறாள்."

பக்கத்து வீட்டு அழகம்மா என்றும், அவளும் அவள் வீட்டுக்காரரும் வெளியே காற்றில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் நான் பேசுகிறேன் என்றும் தட்டினேன். காய வேண்டிய கம்பளி கூடையில் இருப்பதையும் சொன்னேன்.

அக்கா இன்னும் நிறையக் கேட்பாள் என்று நினைத்தேன். உடம்பு, சம்பளம், எப்போது வருவேன், எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன். முத்துலிங்கம் மெதுவாகத் தட்டினான்.

"போதும், இனி பயமில்லை என்கிறாள். கம்பை இறக்கச் சொல், அந்தப் பெண்ணுக்குக் கை வலிக்கும் என்கிறாள்."

அதை மட்டும் சத்தமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எழுந்து வெளியே போனேன். மூடுபனி இறங்கிவிட்டது. அழகம்மாவின் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"என்னய்யா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒங்களுக்குக் கை வலிக்குமாம். எறக்கச் சொல்லிட்டாங்க."

அவள் கம்பை விடவில்லை. "அங்க இருந்துக்கிட்டா சொன்னாங்க?" என்றாள்.

அதன் பிறகு வெயில் வரவேயில்லை. கம்பளிகளை என் குசினியில் கயிறு கட்டிப் போட்டேன். விறகை வைத்து மதியம் பூராவும் அடுப்பை எரித்தேன். வீடெல்லாம் புகையும் ஈரக் கம்பளி வாசமும். பொழுது சாயும்போது அழகம்மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். கம்பளியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிருச்சு. நீங்க சாப்பிடுங்க, நான் நிக்கிறேன். அப்பறம் அக்கா கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."