கூடவே வந்த புள்ளி

முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி மூன்றாவது கொண்டைஊசி வளைவில் ஜீப் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தபோது, சந்திரவல்லியின் போனில் 'பிரியாகுட்டி' என்ற பெயர் வந்து விழுந்தது. ஏலக்காய் எடுக்கப் போகிற பதினான்கு பொம்பளைகள் ஒருத்தி மடிமேல் ஒருத்தியாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற ஜீப்பில் கத்தவா முடியும்? முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். வீடா, கடையா, ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கிடையாது. ஆனாலும் மகள் பெயர் பச்சை எழுத்தில் பளிச்சென்று நின்றது. போனுக்குள் இருந்த வரைபடத்தில், அதே வளைவின்மேல், ஒரு புள்ளி.

இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவன் செழியன். மலையில் வீடு வீடாக இன்டர்நெட் கேபிள் இழுக்கிறவன், வாரத்தில் இரண்டு நாள் இதே ஜீப்பில் ஏறுவான். போகிற வழியெல்லாம் போனைக் கையில் ஏந்திக்கொண்டே வருவான். என்ன தம்பி கோயில் தட்டு மாதிரி பிடிச்சிருக்க என்று பொம்பளைகள் கேலி செய்தபோது விவரம் சொன்னான். வழியில் இருக்கிற வைஃபை பெயரையெல்லாம் போன் தானாகக் குறித்துக்கொள்ளுமாம். எங்கே பார்த்தது என்பதையும் சேர்த்து வைக்குமாம். இவனைப்போல உலகம் பூராவும் ஆட்கள் குறித்து அனுப்ப, எல்லாம் ஒரே வரைபடத்தில் சேருமாம். "யாரு நெட்டையும் திருடலக்கா. வாசல்ல பேர்ப்பலகைய வாசிச்சிட்டுப் போற மாதிரிதான்" என்றான். மற்றவர்கள் சிரித்துவிட்டு வெற்றிலை மடித்தார்கள். சந்திரவல்லி மட்டும் அன்று இறங்குகிற இடத்தில் அவனைத் தனியாகப் பிடித்து, "எனக்கும் அதப் போட்டுக் குடு தம்பி" என்றாள். முதல் இரண்டு நாள் ஒன்றுமே பதியவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அதைத் தூங்க வைத்திருந்தது. செழியன் எதையோ அமுக்கிச் சரிசெய்து கொடுத்தான். மூன்றாவது நாள் காலையில்தான் இந்தப் பெயர்.

முத்துப்பிரியா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்த பையனோடு போனாள். நம்ம ஆளுகள் இல்லை. காலேஜ் பை, லேப்டாப், இரண்டு செட் துணி, அவ்வளவுதான் எடுத்துப்போனாள். போனும் காணவில்லை. அந்தப் போனிலிருந்துதான் லேப்டாப்புக்கு நெட் கொடுப்பாள், அதற்கு அவள் வைத்த பெயர்தான் பிரியாகுட்டி. அவள் அப்பா முனீஸ்வரன், இதே ஜீப்பின் டிரைவர், அன்றைக்கே சொல்லிவிட்டான்: "இனி இந்த வீட்ல அவ பேர எவளும் வாயில எடுக்கக் கூடாது. நானும் எடுக்க மாட்டேன்." சந்திரவல்லியும் அன்று அந்தக் கோபத்துக்கு ஒத்துத்தான் ஊதினாள். அந்தப் பாவத்தை நினைத்து எத்தனை நாள் அடுப்படியில் தனியாக அழுதிருக்கிறாள் என்று அவளுக்குத்தான் தெரியும். போன மாதம், கூட ஜீப்பில் வருகிற மொக்கம்மாள் காதோரம் வந்து, "ஒம்மக மாசமா இருக்காளாம்டி, ஏழு நடக்குதாம். பூப்பாறைச் சந்தையில பாத்தவுக சொன்னாக" என்றதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதில் தாய்வீட்டுச் சோறு போக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல். ஐந்தையும் கிண்டி எடுத்துக்கொண்டு எந்த வாசலுக்குப் போவாள்?

அதற்குப் பிறகு தினமும் அந்தப் பெயர் வந்தது. ஒருநாள் ஏழாவது வளைவில், ஒருநாள் போடிமெட்டில், ஒருநாள் தோண்டிமலையில். மகள் இந்த ரோட்டில்தான் போகிறாள் வருகிறாள் என்று சந்திரவல்லி முடிவு கட்டிவிட்டாள். முன்னால் போகிற ஜீப், பின்னால் வருகிற பஸ், எதிரே இறங்குகிற லாரி, ஒன்று விடாமல் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "என்னடி, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி முழிக்கிற?" என்றாள் மொக்கம்மாள். கண்ணில் ஆள் படவில்லை என்றாலும் அந்தப் பச்சை எழுத்து அவளுக்குப் போதுமாக இருந்தது. பச்சையாக இருந்தால் பிள்ளை நல்லபடியாக இருக்கிறாள் என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பதினோராவது வளைவில் டயர் பஞ்சரானது. எல்லாரும் இறங்கி நின்றார்கள். அரைமணி நேரத்தில் எத்தனையோ வண்டிகள் தாண்டிப்போய்விட்டன. பிரியாகுட்டி மட்டும் போகவில்லை. சந்திரவல்லி செழியனைப் பாறை ஓரம் கூப்பிட்டுப் போனைக் காட்டினாள்.

அவன் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். "அக்கா, புதுசா ஆரம்பிக்கிறவக எல்லாரும் பண்ற தப்புதான் இது. ரோடு பூரா ஒரே பேரு விழுந்தா அது ரோட்டுல இல்ல. நம்ம கூடவே வருது."

"கூடவேன்னா?"

"இந்த ஜீப்புலதான் இருக்கு. பச்சைன்னா ரொம்பக் கிட்டன்னு அர்த்தம்."

டயர் மாற்றி ஜீப் கிளம்பியது. போடிமெட்டில் டீ குடிக்க எல்லாரும் இறங்கியதும், போனைப் பிடித்தபடி காலி ஜீப்பைச் சுற்றி வந்தாள். டிரைவர் சீட்டுக்குக் கீழே, ஸ்பானர் கிடக்கிற தகரப்பெட்டியில், பழைய துண்டில் சுற்றி மகளின் போன் இருந்தது. உறையின் ஓரத்தில் அவள் கடித்த பல்தடம்கூட அப்படியே.

"அத எடுக்காத" என்று பின்னால் குரல் கேட்டது. முனீஸ்வரன் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு நின்றான்.

"அவ போனக் கொண்டு போயிட்டான்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். எங்க இருந்துச்சு?"

"அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டுப் போயிருந்தா. நாந்தான் மொதல்ல பாத்தேன்."

"இத வச்சு என்ன பண்றீக?"

அவன் பானெட்டின்மேல் கிளாஸை வைத்தான். "லேப்டாப்பு அவகிட்ட இருக்குல்ல. இந்தப் போனு பக்கத்துல வந்தா அது தானா ஒட்டிக்கிரும்னு அவதான் சொல்லுவா. அங்க பாரு, ஒட்டுனா இந்த எண்ணு மாறும்." போனில் சைபர் என்று இருந்தது. "முந்தல் தாண்டுனதும் இதுல நெட்டப் போட்டு விட்ருவேன். ரெண்டு வருசமா சைபருதான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லச் சொல்ற? வாயில எடுக்க மாட்டேன்னு சொன்னவன் நானு."

சந்திரவல்லிக்கு அவனை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அந்த வெளுத்த காக்கிச் சட்டையோடு கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். "அவ மாசமா இருக்கா. எட்டுப் பொறந்திருக்கும்" என்றாள்.

முனீஸ்வரன் டயரைப் போய் இரண்டு தடவை உதைத்துப் பார்த்தான். சரியாக இருந்த டயர்தான்.

எஸ்டேட் வாசலில் பொம்பளைகள் இறங்கினார்கள். சந்திரவல்லி தூக்குவாளியை மொக்கம்மாளிடம் கொடுத்து, "நான் இன்னைக்கி வரலக்கா, எனக்கு வேற சோலி இருக்கு. நீயே சாப்புட்டுரு" என்றுவிட்டு முன் சீட்டில் ஏறினாள். இரண்டு வருடத்தில் அந்த சீட்டில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. வரைபடத்தைப் புருசன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அவ போனு போன எடத்துலதான் புள்ளி விழும். எல்லாம் நாம போற வழிதான். இங்கிட்டுப் பாருங்க, ஒண்ணுமே இல்ல."

அவன் போனைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினான். "ராஜகுமாரி ரோடு. அங்கிட்டு நான் ஆளும் ஏத்துனதில்ல, லோடும் ஏத்துனதில்ல."

"அப்பறம் என்ன? வெரசாப் போங்க."

ஜீப் திரும்பியது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஏலச்செடி ஆள் உயரத்துக்கு நின்றது, நடுநடுவே ஓட்டு வீடுகள். எந்த வீட்டு வாசலிலாவது வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி துணி காயப்போடுகிறாளா என்று அவள் இடப்பக்கமும் அவன் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் மடியில் இரண்டு போனும் கிடந்தன. ஒன்றில் சைபர் அசையவில்லை. மற்றதில், அதுவரை வெறுமையாகக் கிடந்த ரோட்டில், முதல் வளைவில் ஒரு புள்ளி விழுந்தது. பிரியாகுட்டி. அடுத்த வளைவில் இன்னொன்று. பிரியாகுட்டி. எதிரே ஒரு வண்டியும் இல்லை. முனீஸ்வரன் வீட்டுக்கு வீடு ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.