ரம்பத்துக்கு மாட்டிய குழாய்

விடியும் முன்பே லாரி வந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் ரப்பர் மரப் பலகைகள் அத்தனையையும் இறக்கியாக வேண்டும். நானும் நாகஜோதியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் அடுக்கினோம். உள்ளங்கையில் சிலாம்பு ஏறி ரத்தம் கசிந்தது. எனக்கு வலிக்கவில்லை. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் வெடித்து என் நாத்தனார் போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று வீட்டில் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது.

இப்போது எம். புதுப்பட்டி ரோட்டில் கனகசபாபதி முதலாளியின் மரப்பட்டறையில் வேலை. பட்டாசு காயப்போடும் மரத்தட்டுகள் செய்கிறோம். இங்கே இருக்கிற எல்லாருமே பட்டாசுக்குப் பயந்து மரத்துக்கு வந்தவர்கள்தான். பட்டாசு ஒரேயடியாகக் கொல்லும், மரத்தூள் தவணை முறையில் கொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம். ரம்பம் ஓட்டும் பெத்தணன் அண்ணனுக்குப் பேசினாலே ஈளை இழுக்கும். பாதிப் பேச்சில் நிறுத்தி, மூச்சை வாங்கிக்கொண்டுதான் மீதியைச் சொல்லுவார்.

சுனாமிக்கு அடுத்து வந்த சித்திரை அது. தட்டில் தூசி இருந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று ஒரு கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். முதலாளி அலறியடித்துக்கொண்டு போய்த் தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். டிரம் போல வயிறு, அதன் தலையில் மோட்டார், பக்கவாட்டில் நீளமான பிளாஸ்டிக் குழாய். செய்து முடித்த தட்டுகளை அதை வைத்துத் துடைத்து அனுப்பினோம். தட்டுகள் சுத்தமாகப் போயின. நாங்கள் மாவு மில்லிலிருந்து வருகிறவர்கள் போல வீட்டுக்குப் போனோம்.

"தூசி பறந்தப்புறம் தொடைக்கிறதுக்கு, பறக்குற எடத்துலயே உறிஞ்சிட்டா என்னண்ணே?" என்று அந்த லாரி வந்த அன்றைக்கு நாகஜோதி கேட்டாள்.

முதலாளி விருதுநகருக்குப் போயிருந்தார். பெத்தணன் அண்ணன் மெஷினை ரம்ப மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டு வந்தார். ரம்பத்தின் கீழே தூள் கொட்டும் வாய் பெரிது, குழாயோ ஒல்லி. பிளாஸ்டிக் எண்ணெய் கேன் ஒன்றின் அடியை அறுத்துத் தூள்வாயில் செருகினார். குழாயைக் கேனின் கழுத்துக்குள் விட்டோம். முதல் தடவை கழன்று விழுந்தது. பழைய சைக்கிள் டியூபைக் கீறி இழுத்துச் சுற்றிக் கட்டியதும் நின்றுகொண்டது.

மெஷினையும் ரம்பத்தையும் சேர்த்துப் போட்டார். பலகையைத் தள்ளினார். எப்போதும் முகத்தில் வந்து அறைகிற தூள் வரவில்லை. அண்ணன் மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ஏ கருப்பம்மா, மரத்துக்கு இப்படி ஒரு வாசம் இருக்குன்னு எனக்கு இம்புட்டு நாளாத் தெரியாதே" என்றார் என்னைப் பார்த்து. நடுவில் நிறுத்தாமல் முழுசாகச் சொன்னார்.

உச்சிவெயில் ஏறியதும் குழாய்க்குள் நெல் பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம். மடங்கிக் கிடந்த குழாயை நிமிர்த்த நாகஜோதி கையை வைத்தாள். சுளீரென்று ஒரு பொறி. ஊசிமுனை அளவுதான்.

"ஓடுங்க" என்றாள் அவள்.

ஓடினோம். ரம்பத்தை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் வெளியே ஓடி, கருவேல மரத்தடியில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டோம். மருந்து ரூமுக்குள் போகும் முன்னால் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கை வைத்து, உடம்பிலுள்ள கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட்டுப் போய்ப் பழகிய சனம் நாங்கள். பொறி என்றால் எங்களுக்குச் சாவு. மரத்தட்டு எப்படி வெடிக்கும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எதுவும் வெடிக்கவில்லை. உள்ளே ரம்பம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பெத்தணன் அண்ணன்தான் முதலில் சிரித்தார். நாகஜோதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

அந்நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது. நாங்கள் ஓடி விழுந்ததை அவர் ரோட்டிலிருந்தே பார்த்திருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, ரம்பத்தை நிறுத்திவிட்டு, சைக்கிள் டியூபோடு பிய்த்தெடுத்த குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"யாரு பாத்த வேலைலே இது?"

"நான்தான் மொதலாளி. தூசி... கொறையுது" என்றார் அண்ணன்.

"இது தட்டத் தொடைக்க வாங்குன மெஷினு. ஒங்க மூக்கத் தொடைக்க இல்ல."

"கொழாய்ல ஒரு செம்புக் கம்பியச் சுத்தி மண்ணுல எறக்கிட்டாப் போதும் மொதலாளி. பொறி வராது. கம்பி நாங்களே கொண்டாறோம்" என்றேன்.

"ஒனக்கு எதுக்கும்மா இந்தப் பேச்சு? மொத ஆளா ஓடுனது யாரு?"

நாகஜோதி தானாகவே கையைத் தூக்கினாள்.

"மரப்பட்டறையில வெடிச்சிரும்னு ஓடுறவ எனக்கு வேண்டாம். கெளம்பு. பெத்தணா, ரம்பத்தப் போடு. ஆர்டர் நிக்குது."

நாகஜோதி தூக்குவாளியை எடுத்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. என் நாத்தனார் செத்த அன்று நான் இப்படித்தான் நின்றிருப்பேன் என்று பட்டது. அப்போது எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் எனக்கென்று ஒன்று வந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருட்டி."

ரம்பத்தின் முன்னாலேயே தரையில் உட்கார்ந்தோம், அவளும் நானும். ஆணி அடிக்கிற பெண்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். இழைப்பு மெஷின்காரர் சுவிட்சை அணைத்தார். நிற்பது பெத்தணன் அண்ணன் ஒருவர்தான். இருபது வருஷமாக இந்த முதலாளியிடம் முடியாது என்று சொல்லாத மனுஷர்.

"போடுலே" என்றார் முதலாளி.

"அந்தப் பிள்ள இருக்கணும். கொழாயும்... இருக்கணும். அப்பப் போடுதேன்."

சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார். உட்காரவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலாளி விறுவிறுவென்று போய் அவரே சுவிட்சைப் போட்டார். ரம்பம் சுற்றியது. பலகை தள்ள ஆளில்லை. வெறும் காற்றை அறுத்துக்கொண்டிருந்தது. எங்களையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவரே நிறுத்தினார்.

"நாளைக்கு வேற ஆளக் கொண்டாந்து எறக்குதேன். அப்பத் தெரியும் ஒங்களுக்கு" என்று செல்போனை எடுத்தார்.

பெத்தணன் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வரட்டும் மொதலாளி. வாரவுகளுக்கும்... மூக்கு இருக்கும்லா. நாங்க வாசல்லயே இருக்கோம், பேசிக்கிடுதோம்."