பேர் சொல்லுங்க

மாடிப்படியில் பாதி ஏறும்போதே அவளுக்கு வாட்ச் கடைக்காரரின் குரல் கேட்டுவிட்டது. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களுக்குப் பேச்சுதான் காலை ஆகாரம். அதைப் பரிமாறுகிறவர் பெரும்பாலும் அவர்தான். மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்க வருவார்.

"பெரியப்பன் எம்.எல்.ஏ.ங்கறதால மூணு வருஷத்தோட விட்டுட்டாங்க. நம்ம வீட்டுப் பையன் பொம்மைத் துப்பாக்கி வச்சிருந்தாலே உள்ள போட்டு சாவியத் தொலைச்சிருப்பாங்க."

"மூணு வருஷம்லாம் எங்க இருக்கப்போறான்? அப்பீல்ல வந்துருவான் பாருங்க. ஜெயில் வாசல்லயே மாலையோட நிப்பாங்க," என்றது ஒரு பெண் குரல்.

"மாலை போடறவன் கொஞ்சம் தள்ளி நின்னு போடணும்மா. கை அரிச்சுதுன்னா அவனையே சுட்டுருவான்."

கூடமே சிரித்தது. அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று நின்றாள். மகனுக்குத் தண்டனை என்று நேற்று மதியம் தெரிந்ததிலிருந்து அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். கேட்டபோது வலித்தது. ஆனாலும் எங்கேயோ ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. ஊர் இன்னும் பழைய ஊராகத்தான் இருக்கிறது.

உள்ளே காலெடுத்து வைத்ததும், கரண்ட் போன மாதிரி சிரிப்பு நின்றது. யாரோ அவசரமாகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். அதில் அவள் மகன் கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு போலீஸ் வேனில் ஏறிக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து அதே வேனில் ஏறிக்கொண்டே இருக்கிறான். "வணக்கம்மா," என்று வாட்ச் கடைக்காரர் எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவர் அவளுக்காக எழுந்ததில்லை.

காலையிலிருந்தே அப்படித்தான். பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வரிசையில் நிற்காமலே மருந்துக் கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு மாத்திரையைக் கையில் கொடுத்தார். யாராவது காறித் துப்புவார்கள் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பியவளுக்கு, இந்த மரியாதையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கணவரின் அண்ணன், அதாவது எம்.எல்.ஏ., ராத்திரி போனில் சொல்லியிருந்தார்: "நீ பாட்டுக்கு வேலைக்குப் போம்மா. நாம தலையக் குனிஞ்சோம்னா நாளைக்கு ஒரு பய மதிக்கமாட்டான்." அவர் சொன்ன மதிப்பு இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கையுறையை மாட்டினாள்.

அங்கே அவளை எறும்பு அக்கா என்பார்கள். ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தக் கைக்காகவே அவள் நாற்காலி காலியாகட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அவளிடம் சண்டை போடுவார்கள், கிண்டலடிப்பார்கள். "இவ்வளவு ரத்தத்தையும் எடுத்து எங்கம்மா விக்கிறீங்க?" என்று வாட்ச் கடைக்காரர் தவறாமல் கேட்பார். இன்று அவர் முறை வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, சுவரில் இருந்த எச்சரிக்கைப் பலகையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் குத்தில் நரம்பு வழுக்கிவிட்டது. அவளுக்கு அப்படி நடப்பதில்லை. ஊசியை லேசாகத் திருப்பிப் பார்த்தாள், வரவில்லை. வெளியே எடுத்து வேறு இடத்தில் குத்தினாள். அதுவும் தவறியது.

"வலிச்சா சொல்லுங்க ஐயா."

"வலியா? சேச்சே. உங்க கையிலயா? என் நரம்புதாம்மா சரியில்ல. அது எப்பவுமே அப்படித்தான்."

அவர் கண் ஓரத்தில் நீர் கோத்திருந்தது. உதடு மட்டும் சிரித்தபடி இருந்தது. இந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்று அவளுக்கு இருந்தது. 'பெத்தது அப்படி, குத்தறது இப்படி' என்று ஏதாவது. தன் மகனின் துப்பாக்கியைத் தானும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாத கையை எத்தனை பேர் தன்னிடம் இனி நீட்டுவார்கள்? அப்படி எடுப்பதற்கு இந்த வேலை எதற்கு? மூன்றாவது முறை ரத்தம் வந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பஞ்சை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

அடுத்து யார் என்று நிமிர்ந்தபோது, வாசலருகில் பஞ்சர் கடைக்காரரின் மனைவி நின்றிருந்தாள்.

வழக்கில் புதிர் ஒன்றும் இல்லை. கடை வாசலில் நிறுத்திய காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னதற்காக, பஞ்சர் கடைக்காரரின் நெற்றிக்கு நேராக அவள் மகன் துப்பாக்கியை நீட்டினான். காரில் இன்னொன்று இருந்தது. இரண்டுக்கும் லைசென்ஸ் கிடையாது. அன்றைக்குத் தெருவே பார்த்தது. நீதிமன்றத்தில், எதையுமே பார்க்கவில்லை என்று தெருவே சொன்னது. பஞ்சர் கடைக்காரர் மட்டும் பார்த்ததைச் சொன்னார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளியே ஒரே பெஞ்சின் இந்த முனையில் இவளும் அந்த முனையில் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அந்தப் பெண் இவளைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனாள். மேலாளர் விடவில்லை.

"எங்க போறீங்க? வாங்க, உட்காருங்க. அக்கா கை மாதிரி வராது."

"இல்ல சார், அந்த இன்னொரு நாற்காலியில..."

"அதெல்லாம் வேணாம்மா. சும்மா பிரச்சனை பண்ணாதீங்க. உட்காருங்க."

பிரச்சனை என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் இவளைப் பார்த்துத் தலையசைத்தார், ஏதோ உதவி செய்துவிட்டவர் போல. இவள் கையுறையை மாற்றிக்கொண்டாள். பரிசோதனைச் சீட்டை எடுத்தாள். வருடக்கணக்காகப் பழகிய வாய், இவளைக் கேட்காமலே திறந்தது.

"பேர் சொல்லுங்க. எந்தத் தெரு?"

சீட்டில் இருப்பதும் ஆள் வாயால் சொல்வதும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்பாள், கணக்கே இல்லை. ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் அது தன் காதில் விழுந்தது.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குக் கேக்குறீங்க? எங்க தெரு உங்களுக்குத் தெரியாதா?" குரல் உயர்ந்தது. "அவரு பார்த்ததத்தான் சொன்னாரு. ஒரு சொல்லு கூடக் கூட்டிச் சொல்லல."

கூடத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

"இல்லம்மா... டியூப்ல எழுதணும். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

அது உண்மை. ஆனால் மிரட்டுகிறவர்களும் இப்படித்தானே சொல்வார்கள், எல்லாரிடமும் கேட்பதுதான் என்று. இவளுக்கு முகத்தை எங்காவது புதைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "நீங்க பக்கத்து நாற்காலிக்கே போங்கம்மா," என்றாள். "நான் மேனேஜர்கிட்ட சொல்லிக்கறேன்."

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. இவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் பெயரையும் தெருவையும், சாட்சிக் கூண்டில் நின்று சொல்வது போலக் கூடத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். "எடுங்க."

எல்லாரும் ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பெண் திருப்பிக்கொள்ளவில்லை. ஊசியையும் பார்க்கவில்லை, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பு உடனே கிடைத்தது.

"வலிக்குது," என்றாள் அவள்.

மேலாளர் பாதி எழுந்தார். இவள் நிமிரவில்லை.

"மன்னிச்சுக்கங்கம்மா."

அந்த நீதிமன்றப் பெஞ்சில் இத்தனை நாள் வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்த வார்த்தை. ஊசிக்காகச் சொன்னதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள். அந்தப் பெண் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேசையை ஒட்டியே நின்றாள், போகவில்லை. சோதனைக் குழாயில் ஒட்டும் தாளில் இவள் பெயர் எழுதத் தொடங்கியதும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தன் பெயரை இந்தக் கை எங்கே கொண்டுபோய் எழுதுகிறது என்று பார்ப்பவள் போல.

இவள் குழாயைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்த ரத்தத்தின் சூடு கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் வெதுவெதுவென்று பட்டது. ஒவ்வோர் எழுத்தையும் அவளுக்குத் தெரியும்படி, பெரிதாக, மெதுவாக எழுதினாள்.